பாயை வெளியே வைத்தவன்

இந்தத் தொடரைக் கப்பல் சமையலறையிலேயே மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். வெங்காயம் உரித்தது போதும், கரைக்கு வாருங்கள் என்று பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வந்துவிட்டேன் ஐயா. ஆனால் கரையில் சொல்வதற்கு என்னிடம் இருப்பது வீரக்கதை இல்லை, ஒரு பொய். அதுவும் பழைய பொய் இல்லை, இந்த வருஷத்தில் சொன்னது. அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்த வாரம் அது. வாடைக் காற்று மணலை வாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. பாம்பனில் என் வீட்டுப் பின்வாசலில், விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று பேர் நின்றோம். வாசலுக்கு உள்ளே, முந்தின நாள்தான் குடிவந்த ஸ்பெயின் நாட்டு அம்மாள். வெளியே எதிர்வீட்டு ரோஸ்லின். கக்கத்தில் சுருட்டிய பாய், கையில் தண்ணீர்ச் செம்பு. நடுவில் நான், மொழிபெயர்ப்பாளன்.

அந்த அம்மாளும் என்னைப் போல அறுபதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இந்தப் பெண் நல்லவள் என்று தெரிகிறது. நேற்று வந்த களைப்பில் இவளை உங்கள் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டேன். ஆனால் நான் தனியாக இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குச் சந்தோஷம். மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அதையே ஸ்பானிஷிலும் ஒருமுறை சொன்னார். இரண்டுமே எனக்கு நன்றாகப் புரிந்தது.

ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே சொல்லுது?"

"நீ வந்து படுத்தது அந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோசமாம். தெனமும் வரச் சொல்லுது" என்றேன்.

ரோஸ்லினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள். நான் அம்மாள் பக்கம் திரும்பி, இது இந்த ஊர் வழக்கம், மறுத்தால் இவர்களுக்கு அவமானம், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். பிறகு வந்த இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய மரியாதையோடு தலையாட்டினார்.

ஒரே நிமிஷத்தில் இரண்டு பாஷையில் இரண்டு பொய். ஏன் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துணைக்குப் படுக்கிறது

எங்கள் தெருவில் ஒற்றை ஆளாக யாரையும் ஒரு வீட்டில் படுக்க விடமாட்டார்கள். ஆண்கள் தங்கல் தொழிலுக்குப் போய் நாலைந்து நாள் கடலில் கிடந்தால், தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி பாயோடு வருவாள். துணைக்குப் படுக்கிறது என்று பேர். திருடனுக்காக என்று காரணம் சொல்வார்கள். திருடன் வந்தால் ரோஸ்லினா பிடிக்கப் போகிறாள்? அவள் கண்ணை மூடிவிட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

துணை என்றால் பேச்சு. படுத்தபடி கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு, தூக்கம் வருகிற வரைக்கும் எதையாவது பேசுவது. ஒருத்தர் பேச்சு நடுவில் நின்றுபோனால் அவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். மற்றவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

சாவு வீட்டுக்கும் இதே வழக்கம்தான். அடக்கம் முடிந்ததிலிருந்து முப்பதாம் நாள் பூசை வரைக்கும் யாராவது வந்து படுப்பார்கள். ஆண் தனியாகிவிட்டால் ஆண்கள் வருவார்கள்.

என் மனைவி பிலோமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகள் தூத்துக்குடிக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே ரோஸ்லினின் கணவன் ஆரோக்கியம் பாயோடு வந்துவிட்டான். அவனும் நானும் சின்ன வயதில் ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை வாங்கியவர்கள். அவன் வள்ளத்தில் ஏறினான், நான் கப்பலில் ஏறினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலு நாள் வந்து படுத்தான். பிலோமி வைக்கிற நண்டுக் குழம்பு, அவள் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது, கல்யாணத்தன்று நான் மோதிரத்தைக் கீழே போட்டது என்று ஒன்று விடாமல் பேசினான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எனக்கு அழ வேண்டும். அவன் பக்கத்தில் கிடக்கும்போது அழ வெட்கமாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அவன் வந்ததே நான் அழுவதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் பொழுது சாய்கிற நேரம். என் வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த அவன் பாயை எடுத்து வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அவன் வந்து பாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எனக்கு ஒத்தையில இருந்து பழக்கம்லே. இருபத்தஞ்சு வருசம் கப்பல்ல கெடந்தவன். ஒங்களை மாதிரி இல்ல" என்றேன்.

ஆரோக்கியம் குனிந்தான். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனான். எங்கள் பக்கம் ஒருவன் பாயை எடுத்து வெளியே வைப்பது சின்னக் காரியம் இல்லை. பாகம் பிரிந்து, முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணின அண்ணன் தம்பி செய்கிற வேலை அது. தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வழியில் பார்த்தால் பேசுவார்கள், நல்ல மீன் பட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் விளக்கு வைத்த பிறகு என் கேட்டைத் திறந்து வர ஆள் இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். போன வருஷம் ஆரோக்கியம் வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோதும் நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

படிவத்தில் ஒரு கட்டம்

கப்பலில் மாதம் ஒருமுறை ஒரு படிவம் கொடுப்பார்கள். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்ற கேள்விகளுக்கு நடுவில் 'ஆர் யூ லோன்லி' என்று ஒரு கேள்வி இருக்கும். எதிரே மூன்று கட்டங்கள். ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி. தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டத்தில் டிக் அடிப்போம். வேறு கட்டத்தில் அடித்தால் அடுத்த துறைமுகத்தில் மூட்டை கட்டி இறக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இருபத்தைந்து வருஷமும் நான் லோன்லி இல்லை என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது.

அந்த வார்த்தைகளை எனக்கு விளக்கியவர் இங்கிலாந்துக்காரரான ஒரு அதிகாரி. நான் அவருக்குத் தேநீர் கொண்டுபோகிறவன். அலோன் என்றால் அறையில் ஒரே ஆள் இருக்கிறான் என்ற கணக்கு மட்டும், அதில் சுகமும் இல்லை துக்கமும் இல்லை என்றார். லோன்லி என்றால் நோவு. நூறு பேர் நடுவிலும் வரும். மூன்றாவதாக சாலிட்டியூட் என்று ஒன்று உண்டு, அது ஆசைப்பட்டுத் தேடிப் போவது என்றார். வெள்ளைக்காரன் இதிலும் தனித்தனி டப்பா வைத்திருக்கிறானே, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமைச் சமையல்காரர் எமிலியோ பெரு நாட்டவர். வாசகர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். உப்புக்கு சால், வெங்காயத்துக்கு செபோய்யா என்று ஆரம்பித்து எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்று நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். அன்று முழுக்க வாய் திறக்காமல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இருந்தார். நூற்றி ஐம்பது பேருக்கு ஆகும் அளவுக்குச் சீவிவிட்டார். கப்பலில் இருந்ததோ இருபத்திரண்டு பேர். சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சொலெதாத்.

லோன்லியா, சாலிட்டியூடா என்று நான் கேட்டேன். அப்போதுதான் கற்றுக்கொண்ட திமிர். எங்கள் பாஷையில் இரண்டுக்கும் அது ஒன்றுதான் என்றார் எமிலியோ. மலை மேல் போய் உட்காருகிறவனுக்கும் அதே வார்த்தை, சாராயக் கடையில் உட்காருகிறவனுக்கும் அதே வார்த்தை. எது என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

தமிழில் தனிமை என்று சொல்லலாம். இந்தப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள், பிரசங்கத்தில் சாமியார் சொல்வார். எங்கள் தெருவில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு வெறிச்சுன்னு கெடக்கு என்பார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல என்பார்கள். பேச்சுத்துணை, வழித்துணை, படுக்கத் துணை என்று மருந்தின் பேரைச் சொல்லித்தான் நோவைச் சொல்வார்கள். மருந்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தவன் எந்த வார்த்தையைச் சொல்வான்? அந்த இரண்டு வருஷமும் எனக்கு நடந்தது என்ன என்று எனக்கே தமிழில் சொல்லத் தெரியவில்லை. மகள் போனில் கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்று முதல் கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

சோலையம்மா

இந்த நிலைமையில்தான் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்பெயினிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார், ஈஸ்டர் வரைக்கும் இருப்பார், ஆங்கிலமும் அவ்வளவாக வராது, ஊரிலேயே நீர் ஒருத்தர்தான் அந்தப் பாஷை பேசுகிறவர், உம் வீட்டுப் பின்கட்டு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது என்றார். பிலோமி தையல் மெஷின் வைத்திருந்த கட்டு அது. மனசில்லாமல்தான் சாவியைக் கொடுத்தேன்.

வந்தவருடைய பெயர் மரியா சொலெதாத். எமிலியோ சொன்ன அதே வார்த்தைதான். அங்கே பெண்களுக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து கறுப்பு உடையில் தனியாக நிற்கிற மாதாவின் பெயராம். அதை ரோஸ்லினுக்குச் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "மாதாவை யாரு தனியா விட்டா? சிலுவையில தொங்குறப்பவே ஆண்டவர் ஒரு ஆளைத் துணைக்குச் சொல்லிட்டுத்தான போனாரு" என்றாள். பெயரையும் அவள் வாய்க்கு வசதியாக மாற்றிவிட்டாள். மறுநாளிலிருந்து தெரு முழுக்க அவர் சோலையம்மா.

அவர் கதையை வந்த அன்றே சொல்லியிருந்தார். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். அம்மா எந்த நேரத்தில் கூப்பிடுவாளோ என்று பதினோரு வருஷமும் குளியலறைக் கதவைச் சாத்திக் குளித்ததில்லையாம். போன கோடையில் அம்மா இறந்தார். நிலம் முடிகிற இடமாகப் பார்த்துப் போய், யாரும் கூப்பிடாத ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வரைபடத்தில் தனுஷ்கோடியைப் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்தும்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

சுவருக்கு மேலே ஒரு முழம்

என் வீட்டில் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

அம்மாள் வந்த அன்று, ஒற்றைப் பெண்ணைப் பார்த்துவிட்டு ரோஸ்லின் தானாகவே பாயோடு வந்தாள். நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு மேலே பேச்சு வந்தது. அவளுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, அவருக்குத் தமிழே தெரியாது. ரோஸ்லின் கவலைப்படவில்லை. கருவாடு காயாமல் வாடை படுத்துகிற பாட்டைச் சொன்னாள். மருமகள் குழம்பில் புளியை அள்ளிப் போடுவதைச் சொன்னாள். புதுப் பாலத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டதும், பழைய பாலத்தில் போகும்போது சத்தம் வேற மாதிரி இருக்கும் என்றாள். அந்த அம்மாள் இடையில் 'ம்' மட்டும் கொட்டினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டு ஓட்டுக்குக் கீழே மனிதப் பேச்சு. சாப்பிட்ட கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் விடியும் வரை தூங்கினேன். மறுநாள் பின்வாசலில் அந்த அம்மாள் தன் கோரிக்கையைச் சொன்னபோது, எனக்குப் பட்டது இதுதான். அவர் சொன்னதை அப்படியே சொன்னால் இந்தச் சத்தம் நின்றுபோகும்.

ரோஸ்லினும் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்து வந்தார்கள். நான் என் பாயைச் சுவரோரமாக மாற்றிக்கொண்டேன். ரோஸ்லின் முறை என்றால் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் சொல்வதற்கு இந்தப் பக்கத்திலிருந்து மனசுக்குள்ளே பதில் சொல்வேன். இந்த வயதில் சுவரோரம் ஒட்டுக்கேட்டுக் கிடந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இந்த அத்தியாயமே பொய்யாகிவிடும்.

அம்மாள் வெளிறிக்கொண்டே வந்தார். காலையில் எழுந்து பஸ் ஏறித் தனுஷ்கோடிக்குப் போய்விடுவார், பொழுது சாயும்போதுதான் வருவார். அங்கேயும் நிம்மதி இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? திருவாடானைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வேனிலிருந்து இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, புளியோதரை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கிற வரைக்கும் கூடவே இருந்ததாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, வழக்கம் இன்னும் எத்தனை நாள் என்று என்னிடம் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் என்றேன். அவர் என்னை நம்பினார். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் ரோஸ்லினின் பேச்சில் பிலோமியின் பெயர் அடிபட்டது. கையில் எடுத்த தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"இந்த வீட்டுக்காரி இருந்தாளே சோலையம்மா, தங்கமான மனுசி. கடைசியில பேச்சு அடைக்கிறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. எங்க வீட்டு மனுசனை ஒத்தையில விட்டுராதீகன்னு. வேணாம்னு சொல்லும், கேக்காதீகன்னு. நாங்கதான் கேட்டுட்டோம்."

'ம்' என்றார் அம்மாள்.

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதேன். ஆரோக்கியம் பக்கத்தில் கிடந்தபோது அழாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு என் பாஷை தெரியும், நான் அழுவது தெரியாது. இன்னொருவருக்குப் பாஷை தெரியாது. ஆனால் அவர் மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்த்த விதத்தில், சத்தம் கேட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

போனிலிருந்து வந்த குரல்

தவக்காலம் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும். பொழுது சாய்ந்து ரோஸ்லின் வந்து பாயை விரிக்கிற சத்தம் கேட்டது. வழக்கம்போல நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வேறு ஒரு குரல் தமிழில் பேசியது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அந்த அம்மாள் தன் போனில் ஸ்பானிஷில் எழுத, அது தமிழில் வாசித்தது.

"நீங்கள் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறீர்கள். உங்கள் வழக்கம் இன்னும் எத்தனை நாட்கள் நீடிக்கும்? நான் தனிமையில் இருக்க விரும்பி இங்கு வந்தேன். இதை முதல் வாரத்திலேயே அந்த மனிதரிடம் சொன்னேன்."

பிறகு பாயைச் சுருட்டுகிற ஓசை. கோரைப் பாய் சுருளும்போது ஒரு சரசரப்பு வருமே, அது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

ரோஸ்லின் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, அந்தம்மா மொதல்லயே வேணாம்னுச்சாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது தலையில ஏறி உக்காந்து இம்புட்டு நாளும் பாடுபடுத்தியிருக்கோம். நாங்க ஒங்களுக்கு என்னண்ணே கெடுதல் பண்ணோம்?"

பதில் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தது, ஸ்பானிஷில் இருந்தது. அவள் பாஷையில் என்னிடம் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். தெருவில் ஒரு பெண் பாயோடு அந்த நேரத்தில் திரும்பி வருவதை நாலு வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம்

காலையில் அம்மாள் என் வாசலில் நின்றார். ஏன் என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'ஐ வாஸ் லோன்லி' என்றேன். இருபத்தைந்து வருஷமாக டிக் அடிக்காத கட்டத்தில் டிக் அடித்தாயிற்று. ஆச்சரியம், நாக்கு கூசவே இல்லை. இரவல் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது, என் மேல் ஒட்டவில்லை. பேச்சுச் சத்தத்துக்காகச் செய்தேன் என்று ஸ்பானிஷிலும் சொன்னேன். பிலோமியைப் பற்றியும் வெளியே வைத்த பாயைப் பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தமிழில் எழுதுகிறேன். இந்தத் தடவை ஒன்றும் மாற்றவில்லை.

"பதினோரு வருஷம் கழித்து எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட நாட்கள் அவை. நீங்கள் அவற்றை எடுத்துக்கொண்டீர்கள். கேட்டிருந்தால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களோடு காப்பி குடித்திருப்பேன். ஒரு மணி நேரம் கொடுக்க என்னிடம் இருந்தது."

நான் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஈஸ்டர் வரைக்கும் இருக்க வந்தவர் அந்தப் பேச்சுக்கு இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார். ரோஸ்லின் வீட்டு வாசலுக்குப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரோஸ்லின் அழுதாள். என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பின்கட்டைப் பெருக்கப் போனபோது குளியலறைக் கதவைப் பார்த்தேன். பழைய தாழ்ப்பாள், துருப்பிடித்து நகராமல் கிடந்தது. அது சரியாக விழுவதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார்.

யாருக்குத் துணை

அதன் பிறகு சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில் காற்று மட்டும்தான் வந்தது. முதல் இரண்டு வருஷத்தைவிட இது மோசமாக இருந்தது. தெருவில் இப்போது யாரும் என்னிடம் பேசுவதும் இல்லை. யாரைக் குறை சொல்வது? எனக்கு வேண்டாம் என்று சொன்னபோது என் பேச்சை நம்பினார்கள், அந்த அம்மாளுக்கு வேண்டும் என்று சொன்னபோதும் நம்பினார்கள். இரண்டு தடவையும் நான் சொன்னது பொய்.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. முந்தாநாள், பொழுது இறங்குகிற நேரம், பிலோமியின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். எதிர்வீடுதான், பத்தடி. தெருவில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கப்பலில் பசிபிக் கடலைத் தாண்டியவன் நான். அந்தப் பத்தடியைத் தாண்டத்தான் நேரம் பிடித்தது.

ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாயைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாருக்குத் துணைக்குப் போறீக?"

"எனக்குத்தான்" என்றேன். பிறகு, வராத வார்த்தை வந்தது. "ஒத்தையில கெடக்க முடியல ரோஸ்லின்."

அவள் கை நின்றது. உள்ளேயிருந்து ஆரோக்கியம் யார் என்று கேட்டான்.

"கப்பக்கார அண்ணன். பாயோட வந்திருக்காக."

நான் நின்றேன். ரோஸ்லின் மீனை அலசி முடித்து, தண்ணீரைக் கொட்டி, சட்டியைக் கவிழ்த்தாள். அதுவரைக்கும் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று திரும்பக்கூடச் செய்தேன். அப்போதுதான் அவன் குரல் வந்தது.

"ஏலே சூசை. நாலு நாளைக்குத்தான். அஞ்சாம் நாளு நானும் ஒம்பாயை எடுத்து வெளிய வச்சிருவேன்."

சரி என்றேன். உள்ளே போனேன். கட்டிலில் ஆரோக்கியம் பாதி ஆளாக இளைத்துக் கிடந்தான். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தேன். அவன் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் ஓட்டைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

இதை எழுதுகிற இன்றைக்கு மூன்றாம் நாள்.